குழந்தைகளின் குரோன் நோய்: மருந்து பலித்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

திணைமாலை எழுதியது:

குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய் உள்ள குழந்தைகளில் யாருக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்ற கேள்வியோடு ரிஸ்க் ஆய்வின் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 28 மருத்துவ நிலையங்களில், 2008 முதல் 2012 வரை, நோய் கண்டறியப்பட்ட நிலையிலேயே குழந்தைகளைச் சேர்த்து, அவர்களுடைய குடல் திசு, இரத்தம், மலம் ஆகியவற்றைச் சேமித்துவைத்து, பிறகு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு இது.

இந்த ஆய்விலிருந்து வந்த இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குக் குழப்பம் ஏற்படுகிறது. 2014இல் வெளியான கட்டுரையின்படி, முதல் மூன்று மாதங்களுக்குள் டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து (அழற்சியைத் தூண்டும் புரதம் ஒன்றை மறிப்பது) பெற்ற குழந்தைகளில் 85.3% பேர் ஓராண்டு முடிவில் நோய்த்தணிவில் இருந்தார்கள். அசாதியோப்ரின், மெத்தோட்ரெக்சேட் போன்ற பழைய எதிர்ப்பாற்றல் அடக்கிகளைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களில் 60.3% பேரும், இரண்டையும் அக்காலத்தில் பெறாதவர்களில் 54.4% பேரும் அந்நிலையில் இருந்தார்கள். வேறுபாடு பெரியது. ஆனால் 2017இல் எமரி பல்கலைக்கழகத்தின் சுப்ரா குகதாசனும் பிறரும் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை, 913 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், அதே மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுப்பது குடல் சுவர் துளைபட்டுப் பவுத்திரமும் சீழ்க்கட்டியும் உண்டாவதைக் குறைத்தது என்றும், குடல் தழும்பேறிச் சுருங்குவதைக் குறைக்கவில்லை என்றும் சொல்கிறது.

ஒரே மருந்து, ஒரே ஆய்வுக் குழு. ஓராண்டில் நோய்த்தணிவு அடைந்த குழந்தைக்கு மூன்றாம் ஆண்டில் குடல் சுருங்குமானால், அக்குழந்தைக்கு மருந்து பலித்தது என்று எழுதுவதா, பலிக்கவில்லை என்று எழுதுவதா?

இளவேனில் எழுதியது:

குழந்தைகளுக்கான இரைப்பைக் குடல் பிரிவில் பணியாற்றுபவள் என்ற முறையில் எழுதுகிறேன். நோய்த்தணிவு என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அளவுகோலைத் திறந்து பார்த்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

2014ஆம் ஆண்டுக் கட்டுரை பயன்படுத்தியது குழந்தைகளுக்கான குரோன் நோய்த் தீவிரக் குறியீடு. 1991இல் ஹயம்ஸ் முதலானோர் வகுத்த அந்தக் குறியீட்டின் மொத்த மதிப்பெண் 100. அது 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நோய்த்தணிவு. இதில் 30 மதிப்பெண், வயிற்றுவலி, மலம் கழிக்கும் தன்மை, அன்றாட நலம் என்று குழந்தையும் பெற்றோரும் சொல்வதைப் பொறுத்தது. 20 மதிப்பெண் இரத்தப் பரிசோதனைக்கு. மீதி 50 எடை, உயரம், வயிறு, ஆசனவாய்ப் பகுதி, குடலுக்கு வெளியே தெரியும் அறிகுறிகள் ஆகியவற்றுக்கு. குடலின் உட்சுவர் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. சுவரின் ஆழத்தில் தழும்பு உருவாகிறதா என்பதற்கும் இல்லை. ஆகவே முதல் கட்டுரை குழந்தை நலமாக இருக்கிறதா என்ற கேள்விக்கும், இரண்டாவது கட்டுரை குடலின் அமைப்பு கெடாமல் இருக்கிறதா என்ற கேள்விக்கும் விடை சொல்கின்றன. இரண்டும் உண்மையாக இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

குறியீட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெரியவர்களுக்கான குறியீடுகளில் இல்லாத உயரம் இதில் இருக்கிறது என்பதே இதன் சிறப்பு. பூப்புப் பருவத்தில் எலும்பு முனைகள் மூடிக்கொள்வதற்குள் வளர வேண்டிய குழந்தை வளராமல் போனால், பிற்பாடு எவ்வளவு நல்ல மருந்து கொடுத்தாலும் அந்த உயரம் திரும்பி வராது. சிகிச்சை இலக்குகளைப் பற்றி 2021இல் வெளிவந்த இரண்டாம் ஸ்ட்ரைட் பரிந்துரை, குடல் உட்சுவர் ஆறுவதோடு குழந்தைகளின் இயல்பான வளர்ச்சியையும் நீண்டகால இலக்காக வைத்திருக்கிறது. வலி குறைந்தது என்று தாயும் தந்தையும் மகிழ்ந்திருக்கும் வேளையில், வளர்ச்சி வரைபடத்தில் கோடு கிடைமட்டமாகவே போய்க்கொண்டிருப்பதைக் கண்டு மருந்தை மாற்ற வேண்டிய நிலை எங்கள் பிரிவில் அரிதானது அன்று.

கணக்கன் எழுதியது:

இளவேனில் அம்மையார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் 85.3%, 60.3%, 54.4% என்ற மூன்று எண்களையும் ஏதோ கல்வெட்டில் பொறித்தவைபோல மேற்கோள் காட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஆய்வில் யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். பிறகு 552 குழந்தைகளிலிருந்து ஒத்த நிலையில் இருந்தவர்களை மும்மூன்று பேராக இணைத்து 68 தொகுதிகளை உருவாக்கினார்கள். நல்ல முறைதான். ஆனால் பதிவேட்டில் எழுதப்பட்ட தன்மைகளில்தான் ஒப்புமை காண முடியும்; மருத்துவர் கண்ணால் பார்த்து, எழுதாமல் விட்டது கணக்கில் வராது.

2017ஆம் ஆண்டு முடிவிலும் கவனம் தேவை. துளைபடும் அபாயம் 0.30 மடங்காகக் குறைந்தது என்றால், அதன் நம்பக இடைவெளி (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 0.10 முதல் 0.89 வரை விரிகிறது. அதாவது பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கலாம், பத்தில் ஒன்று மட்டுமே குறைந்தும் இருக்கலாம். சுருக்கத்திற்கான இடைவெளி 1க்கு (1 என்றால் வேறுபாடு இல்லை) இருபுறமும் பரந்து கிடக்கிறது. அதைப் பயனில்லை என்று படிப்பதைவிட, இந்த எண்ணிக்கையை வைத்துப் பயனைக் காட்ட முடியவில்லை என்று படிப்பதே முறையாகும். 913 பேரில் சிக்கல் ஏற்பட்டவர்கள் 78 பேர்தான், ஏறக்குறைய 9%.

அதே கட்டுரையின் முன்கணிப்பு மாதிரியைப் பற்றியும் ஒரு சொல். வயது, இனம், நோய் இருக்கும் இடம், இரத்தத்தில் நுண்ணுயிர்களுக்கு எதிரான குறிகள் ஆகியவற்றைச் சேர்த்து அமைத்த அந்த மாதிரி, சிக்கல் வராது என்று சொன்னால் 95% சரியாக இருக்கும் என்பது பலரும் வியந்து பகிரும் செய்தி. எதையும் சோதிக்காமல் எல்லாக் குழந்தைகளுக்கும் வராது என்று சொன்னாலே 91% சரியாகிவிடும்! மாதிரியின் கண்டறியும் திறன் (சிக்கல் வந்தவர்களைச் சரியாகக் காட்டுவது) 66%, விலக்கும் திறன் (வராதவர்களைச் சரியாகக் காட்டுவது) 63%. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், வரும் என்று அது அடையாளம் காட்டும் நூறு குழந்தைகளில் சுமார் 15 பேருக்குத்தான் உண்மையில் சிக்கல் வரும். தனியொரு குழந்தையின் சிகிச்சையை அதன்மேல் நிறுத்த நான் துணிய மாட்டேன்.

குலுக்கல் முறையில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தது நெதர்லாந்தில் இருந்து வழிநடத்தப்பட்டு 2022இல் வெளியான டிஸ்கிட்ஸ் ஆய்வு. 100 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு முதலிலிருந்தே இன்ஃப்ளிக்சிமாப் என்ற டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து, மறுபிரிவுக்கு வழக்கமான ஸ்டீராய்டு அல்லது திரவ உணவுச் சிகிச்சை. இரு பிரிவுக்கும் அசாதியோப்ரின். பத்தாம் வாரத்தில் அகநோக்கியில் (எண்டோஸ்கோப்பி) குடல் ஆறியிருந்தவர்கள் முறையே 59%, 17%. மருந்தைக் கூட்டாமலும் மாற்றாமலும் 52ஆம் வாரத்தில் நோய்த்தணிவில் இருந்தவர்கள் 41%, 15%. ஆனால் வேறு மருந்து சேர்த்தவர்களையும் கணக்கில் கொண்டால், 52ஆம் வாரத்தில் இரு பிரிவுக்கும் இடையே புள்ளியியல் அளவில் வேறுபாடு இல்லை. தேவைப்பட்ட குழந்தைகளுக்குப் பிறகு அதே மருந்து கிடைத்துவிட்டதே காரணம் என்று கொள்ளலாம். திணைமாலை கேட்ட கேள்விக்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு: எந்த வரையறையை எடுக்கிறீர்களோ அதற்கேற்ப ஒரே ஆய்வு வெற்றியும் ஆகிறது, சமநிலையும் ஆகிறது.

நுண்ணோக்கி எழுதியது:

சுருக்கத்தைப் பற்றி ஆய்வகத் தரப்பிலிருந்து சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டுக் கட்டுரையில், நோய் கண்டறியும்போது சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து எடுத்த திசுவில், செல்களுக்கு இடையேயுள்ள நார்ச்சட்டகத்தை உருவாக்கும் மரபணுக்கள் மிகுந்து செயல்படுவதற்கும் பிற்காலத்தில் சுருக்கம் வருவதற்கும் தொடர்பு காணப்பட்டது. தழும்பேறும் போக்கு, மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது வலுவான சான்று. டி.என்.எஃப். என்னும் அழற்சிச் செய்திப் புரதத்தை மறித்தால் அழற்சி தணியும். ஏற்கெனவே தனி வழியில் நடந்துகொண்டிருக்கும் நார் உற்பத்தி அதனால் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதே குழந்தைகளின் திசுக்களைக் கொண்டு ஹேபர்மன் முதலானோர் 2014இல் எழுதிய கட்டுரையும் படிக்கத் தக்கது. டூயாக்ஸ்2 என்ற மரபணுவின் செயல்பாடு கூடியும் அப்போ-ஏ1 என்ற மரபணுவின் செயல்பாடு குறைந்தும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். கடைச் சிறுகுடலில் கண்ணுக்குத் தெரியும் புண் இல்லாத குழந்தைகளிடமும் அந்த மரபணு அடையாளம் இருந்தது. நுண்ணுயிர்களைப் பற்றி அதே ஆண்டில் கெவர்ஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்வின் தனிச்சிறப்பு, சிகிச்சை தொடங்காத குழந்தைகளை எடுத்துக்கொண்டது. பெரியவர்களின் குடல் நுண்ணுயிர்கள் பல ஆண்டு மருந்துகளால் மாறியிருக்கும். அங்கே நோயின் விளைவு எது, மருந்தின் விளைவு எது என்று பிரிப்பது கடினம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கியிருந்த குழந்தைகளிடம் நுண்ணுயிர்ச் சமநிலை மேலும் கெட்டிருந்தது என்பது அந்த ஆய்வு தந்த எச்சரிக்கை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அகநோக்கி வழியாகக் கிள்ளியெடுக்கும் திசு குடலின் மேற்படலத்தை மட்டுமே கொண்டுவருகிறது; சுருக்கமோ தசையடுக்கு வரை செல்லும் நோய். மேற்பூச்சைச் சுரண்டிப் பார்த்துச் சுவரின் விரிசலை ஊகிப்பது போன்ற வேலை இது.

செங்காந்தள் எழுதியது:

வணக்கம். குரோன் நோயுள்ள ஒரு சிறுவனின் தாய் நான். அவனுக்கு இப்போது ஒன்பது வயது, எடை 20 கிலோவைச் சற்றே தாண்டியிருக்கிறான். இன்ஃப்ளிக்சிமாப் தொடங்கிய பிறகு முதல் மூன்று ஊசிகளில் அவன் முகமே மாறியது, பசியெடுத்துச் சாப்பிட்டான். எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆன பிறகு, ஆறாவது வாரத்திலேயே வலியும் வயிற்றுப்போக்கும் திரும்பிவிடுகின்றன. முன்பு நாங்கள் காட்டிய இடத்தில் மருந்து இவனுக்கு ஒத்துவரவில்லை, வேறு வகைக்கு மாற்றலாம் என்றார்கள். நீங்கள் எல்லாரும் எழுதுவதைப் படித்த பிறகு, இவனுடையது உண்மையிலேயே மருந்து பலிக்காத நிலையா என்று கேட்கத் தோன்றுகிறது.

இளவேனில் எழுதியது:

அம்மா, உங்கள் மகனை நேரில் பார்க்காமல் மருந்தின் அளவைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்; ஆனால் உங்கள் கேள்வி இந்த இழையின் நடுப்புள்ளியைத் தொடுகிறது. பலிக்காத மருந்து வேறு, போய்ச் சேராத மருந்து வேறு.

இன்ஃப்ளிக்சிமாபை எடைக் கணக்கில், கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கொடுப்பது பெரியவர்களிடமிருந்து வந்த வழக்கம். சிறு குழந்தைகள் எடையை நோக்க இந்த மருந்தை விரைவாக வெளியேற்றிவிடுகிறார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு எடைக் கணக்கில் 100 மில்லிகிராம் வரும். அதே குழந்தையின் உடற்பரப்பு ஏறக்குறைய 0.8 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற கணக்கில் 160 மில்லிகிராம் வரும். 70 கிலோ எடையுள்ள பெரியவருக்கு இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே முடியும் என்பதால் அவர்களிடம் இந்தச் சிக்கல் கண்ணில் படுவதில்லை. இதோடு, அழற்சி மிகுந்து இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறைந்திருந்தால் மருந்து உடலிலிருந்து இன்னும் வேகமாகக் கரைந்து வெளியேறும்.

இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை 2007இல் வெளியான ரீச் ஆய்விலேயே பார்க்கலாம். 112 குழந்தைகளுக்கு முதல் மூன்று ஊசிகள் போட்டதில் பத்தாம் வாரத்தில் 88.4% பேருக்குப் பலன் இருந்தது. பலன் பெற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, அதே அளவு மருந்தை ஒரு பிரிவுக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறையும் மறுபிரிவுக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் கொடுத்தார்கள். 54ஆம் வாரத்தில் நோய்த்தணிவில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 55.8%, இரண்டாம் பிரிவில் 23.5%. மருந்தும் அதன் அளவும் ஒன்றே. நாள் இடைவெளி மட்டுமே வேறு. பன்னிரண்டு வாரப் பிரிவில் தோற்ற குழந்தைகளையெல்லாம் மருந்து பலிக்காதவர்கள் என்று பட்டியலிட்டு அவர்களுடைய மரபணுவைத் தோண்டினால் என்ன கிடைக்கும்?

பிரிட்டனில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து நடத்திய பேண்ட்ஸ் ஆய்வு 2019இல் வெளியானது. தொடக்கத்திலேயே பலன் கிடைக்காத நிலையோடு தனித்துத் தொடர்புடையதாக அவர்கள் கண்டது பதினான்காம் வாரத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்திருப்பது ஒன்றைத்தான். மருந்துக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுவது இன்னொரு வழி; எச்.எல்.ஏ. டி.கியூ.ஏ.1*05 என்ற மரபுக்கூற்றைக் கொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று அதே ஆய்வுக் குழுவினர் காட்டியுள்ளனர்.

ஆகவே அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு இரத்தம் எடுத்து, மருந்தின் அளவையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து குறைந்து எதிர்ப்பொருளும் இல்லையென்றால் அளவைக் கூட்டவோ இடைவெளியைக் குறைக்கவோ இடம் உண்டு. எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால் அதே வகையில் வேறொரு மருந்து. மருந்து போதிய அளவு இருந்தும் குடல் ஆறவில்லையென்றால் மட்டுமே, இந்த வழியே இவனுக்கு உரியதன்று என்று முடிவு செய்து வேறு வகைக்குப் போக வேண்டும்.

கணக்கன் எழுதியது:

பேண்ட்ஸ் முடிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நோய் கடுமையாக இருப்பதாலேயே மருந்து விரைவில் கரைகிறது என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் குறைந்த மருந்தளவு தோல்வியின் காரணமா, கடும் நோயின் அடையாளமா என்பதை அந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குக் குலுக்கல் தேவை.

இஸ்ரேலில் நடந்த பைலட் ஆய்வு அதைச் செய்தது. அடாலிமுமாப் என்ற மற்றொரு டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்துக்குத் தொடக்கத்தில் பலன் காட்டிய 78 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, நலமாக இருந்தாலும் மருந்தளவை அவ்வப்போது பார்த்துத் திருத்தினார்கள்; மறுபிரிவுக்கு நோய் தலைகாட்டியபோது மட்டும் பார்த்தார்கள். எட்டாம் வாரத்திலிருந்து 72ஆம் வாரம் வரை ஸ்டீராய்டு இல்லாமல் தொடர்ந்து நோய்த்தணிவில் இருந்தவர்கள் 82%, 48%. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கேட்ட கேள்விக்கு நேரடியான விடை.

செங்காந்தள் எழுதியது:

நன்றி ஐயா, நன்றி அம்மா. மருந்தளவுப் பரிசோதனையைப் பற்றி எங்களிடம் இதுவரை யாரும் பேசியதில்லை. மருத்துவரிடம் கேட்கிறேன். முதலில் இவனுக்கு ஆறு வாரம் திரவ உணவு மட்டுமே கொடுத்தோம். அதில் நன்றாகத் தேறினான், சாதம் தொடங்கியதும் திரும்பிவிட்டது. அதைப் பலன் என்று கணக்கில் எடுப்பார்களா?

நுண்ணோக்கி எழுதியது:

கட்டாயம் எடுப்பார்கள். இத்தாலியில் 37 குழந்தைகளிடம் நடத்தி 2006இல் வெளியான சிறு ஆய்வில், பத்து வாரம் திரவ உணவு மட்டும் எடுத்தவர்களில் 79% பேரும் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 67% பேரும் நோய்த்தணிவு அடைந்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை. குடலின் உட்சுவரைப் பார்த்தபோது ஆறியிருந்தவர்கள் 74%, 33%. அறிகுறியை மட்டும் அளந்திருந்தால் இரண்டும் ஒன்றென்று எழுதியிருப்பார்கள்.

சாதம் தொடங்கியதும் திரும்பியது என்கிறீர்களே, அந்தக் கட்டத்துக்காகவே வகுக்கப்பட்டது குரோன் நோய் விலக்கு உணவு முறை. இஸ்ரேலிலும் கனடாவிலும் 74 குழந்தைகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட உணவுகளை மட்டும் அனுமதித்துப் பாதித் தேவைக்குத் திரவ உணவு கொடுத்தார்கள். ஆறாம் வாரத்தில் இது முழுத் திரவ உணவுக்கு நிகராக இருந்தது. பன்னிரண்டாம் வாரத்தில், முழுத் திரவ உணவிலிருந்து வழக்கமான உணவுக்குத் திரும்பிய பிரிவில் ஸ்டீராய்டு இல்லாத நோய்த்தணிவு 45.1% ஆகச் சரிந்தது. விலக்கு உணவுப் பிரிவில் அது 75.6%. எட்டு வார இடைவெளியில் மருந்து பற்றாத குழந்தைக்கு இது துணையாக இருக்குமா என்பதை உங்கள் மருத்துவரும் உணவியல் வல்லுநரும்தான் சொல்ல வேண்டும்.

பொருநை எழுதியது:

இங்கே பேசப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாட்டுக் குழந்தைகளைப் பற்றியவை. இந்தியாவில் பலன் என்ற சொல் நோயைக் கண்டறியும் கட்டத்திலேயே நுழைந்துவிடுகிறது. கடைச் சிறுகுடலில் புண்ணோடு வரும் நோயாளிக்கு இருப்பது குடல் காசநோயா குரோன் நோயா என்று திசுப் பரிசோதனையாலும் பல வேளைகளில் உறுதி செய்ய முடிவதில்லை. ஆகவே காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மாதம் கழித்து அகநோக்கியால் மறுபடி பார்த்து, புண் ஆறியிருந்தால் காசநோய், இல்லையென்றால் குரோன் என்று முடிவு செய்யும் வழக்கம் இருக்கிறது. காசநோய் மருந்தில் குரோன் நோயாளிக்கும் காய்ச்சலும் வலியும் குறைவதுண்டு. அறிகுறியை நம்பி மறு அகநோக்கியைத் தவிர்த்துவிட்டு ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று மருந்தை நீட்டிக்கும் இடத்தில்தான், மேலே நுண்ணோக்கி சொன்ன சுருக்கத்துக்கு நாமே காலம் கொடுத்துவிடுகிறோம். இவ்வாறு தேவையின்றிக் காசநோய் மருந்து பெற்ற குரோன் நோயாளிகளிடம் சுருக்கம் அதிகம் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மறுபுறம், டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால், அதைத் தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்யாமல் இருக்க முடியாது. அமெரிக்க எண்களைப் பார்த்து முதல் மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இங்கே அவசரப்படுத்துவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திணைமாலை எழுதியது:

பல கோணங்கள் தெளிவாயின. அப்படியென்றால் புதிதாக ஒரு முன்கணிப்பு ஆய்வைத் தொடங்குவோர், மருந்தின் அளவை அளக்காமல் மரபணுக்களையும் நுண்ணுயிர்களையும் மட்டும் அளந்தால் பயனில்லை என்று கொள்ளலாமா? எதிர்ப்பொருளைத் தடுக்க எல்லாருக்கும் இரண்டாவது மருந்தைச் சேர்த்துவிடுவது எளிய வழி அல்லவா?

இளவேனில் எழுதியது:

முதல் கேள்விக்கு என் விடை, ஆம். போதிய மருந்து போய்ச் சேர்ந்த குழந்தைகளுக்குள்தான் பலித்தவர், பலிக்காதவர் என்ற பிரிவை உண்டாக்க வேண்டும். அதைச் செய்யாத தரவில் மரபணு வேறுபாட்டைத் தேடுவது, உடல் எடை வேறுபாட்டையே சுற்றிவளைத்துக் கண்டுபிடிப்பதில் முடியலாம்.

இரண்டாவது அவ்வளவு எளிதன்று. 2023இல் வெளியான கம்பைன் ஆய்வு 297 குழந்தைகளிடம் டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்தோடு குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட்டையோ வெற்று மாத்திரையையோ குலுக்கல் முறையில் சேர்த்துப் பார்த்தது. அடாலிமுமாப் பெற்றவர்களிடம் சிகிச்சை தோற்கும் அபாயம் 0.40 மடங்காகக் குறைந்தது. இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அசாதியோப்ரினைச் சேர்ப்பதில் வேறொரு அச்சம் இருக்கிறது: மிக அரிதாக, பெரும்பாலும் இளம் ஆண்களிடம், கல்லீரலையும் மண்ணீரலையும் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் இந்தக் கூட்டுச் சிகிச்சையில் பதிவாகியுள்ளது. அதனால் சிறுவர்களுக்கு அந்த இணையை நான் கூடியவரை தவிர்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஆறு வயதுக்குள் நோய் தொடங்கிய குழந்தைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. அவர்களில் சிலருக்குக் குரோன் நோய்போலத் தோன்றுவது இன்டர்லூக்கின்-10 ஏற்பி, எக்ஸ்.ஐ.ஏ.பி. போன்ற ஒற்றை மரபணுவின் பழுது. எக்ஸ்.ஐ.ஏ.பி. பழுதுள்ள ஒரு சிறுவனுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்த பிறகு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மரபணு வரிசையைப் படித்துக் காரணம் கண்டு, 2010இல் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த குருத்தணுக்களைச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். அத்தகைய குழந்தைக்கு இன்ஃப்ளிக்சிமாப் பலிக்கவில்லை என்று ஒரு கட்டத்தில் குறியிடுவதால் மருந்தைப் பற்றியும் ஒன்றும் தெரியவராது, குழந்தையைப் பற்றியும் ஒன்றும் தெரியவராது. செங்காந்தள் அம்மாவின் மகனுக்கு நோய் தொடங்கிய வயது எது என்று தெரிந்தால், மருந்தளவின் முடிவு வரும்போது அதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.